‘ஓர் அலர்ஜி மாத்திரை கொடுங்கள்’: டெல்டாவின் மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலங்கைமான் பக்கம் சாலையோர மருந்துக்கடை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் நிற்கிறேன். குறுவை அறுவடைக்கு ஒரு தும்மல் கூட்டம் வரும், சம்பா அறுவடைக்கு அதைவிடப் பெரிய கூட்டம் வரும். எல்லோரும் கேட்பது ஒரே வாசகம்: ‘ஓர் அலர்ஜி மாத்திரை கொடுங்கள்.’ தேங்காய் கேட்பதுபோல் கேட்பார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து வகை மருந்துகள் இருக்கின்றன. எதைக் கேட்கிறோம் என்பது கேட்பவருக்கும் தெரிவதில்லை, சில சமயம் கொடுப்பவருக்கும் தெரிவதில்லை. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துவைத்த கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களும் இங்கே உள்ளன. யாருக்கு எந்த மருந்து என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். கையில் இருக்கும் மருந்து என்ன செய்யும் என்று சொல்வதுதான் என் வேலை.

அலர்ஜி என்றால் ரத்தம் கெட்டுவிட்டது என்று அர்த்தமா?

ரத்தம் கெடவில்லை. களத்துமேட்டுக் காவல்காரன் நெல் திருடனை விட்டுவிட்டு, சோறு கொண்டுவரும் பெண்ணைத் தடியால் அடித்தால் எப்படி இருக்கும்? அதுதான் அலர்ஜி. தூசு, மகரந்தம், இறால் போன்ற தீங்கில்லாத பொருளை உடம்பின் காவல் படை எதிரியாக எண்ணிக்கொள்கிறது. அதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்து, மூக்கு, தோல், நுரையீரல், குடல் ஆகிய இடங்களில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிவைக்கிறது. அடுத்த முறை அதே பொருள் வந்ததும் அந்தச் செல்கள் தங்களிடம் உள்ள ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. மூக்கில் கொட்டினால் தும்மலும் தண்ணீரும் வரும், தோலில் கொட்டினால் தடிப்பு வரும், நுரையீரலில் கொட்டினால் இளைப்பு வரும்.

ஆகவே ‘ரத்தச் சுத்தி’ டானிக்கால் இதற்குப் பயன் இல்லை. நானும் அதை விற்கிறேன், கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்.

நாற்பது வருடமாகக் கதிர் அறுக்கிறேன். இத்தனை நாள் வராதது இப்போது எப்படி வரும்?

வரும். மேலே சொன்ன ஐஜிஇ தயாராகும் காலத்தில் வெளியே எதுவும் தெரியாது. அது ஒரு போகத்திலும் நடக்கலாம், முப்பது வருடமும் ஆகலாம். ‘இதுவரை ஒத்துக்கொண்டது’ என்பது இனியும் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

அறுவடைத் தூசில் என்னவெல்லாம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உமியின் நுண்ணிய சுணை, மழையில் நனைந்து காய்ந்த வைக்கோலில் பூத்த பூசணத்தின் வித்துகள், பூச்சிகளின் துகள்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. வரப்பிலும் தரிசிலும் நிற்கும் பார்த்தீனியமும் சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் இதில் சேரும். இவற்றில் சுணை யார் மூக்கில் பட்டாலும் உறுத்தும், அதை அலர்ஜி என்று சொல்ல முடியாது. கொஞ்சமே பட்டாலும் கண்ணும் அண்ணமும் அரித்து, மூக்கில் தண்ணீர் கொட்டி, களத்தைவிட்டு வந்த பிறகும் அடங்காமல் இருந்தால் அலர்ஜி என்று சந்தேகிக்கலாம். மூக்கை மூடிக் கட்டும் துண்டு பெரிய தூசியைத்தான் தடுக்கும். என்95 முகக்கவசம் அதைவிடப் பல மடங்கு நல்லது.

காலையில் எழுந்தால் இருபது தும்மல். பத்து மணிக்கு மேல் ஒன்றுமே இல்லை. இது சளியா, அலர்ஜியா?

சளிக் காய்ச்சல் என்றால் உடம்பு வலிக்கும், தொண்டை கரகரக்கும், ஏழு பத்து நாளில் போய்விடும். காய்ச்சல் இல்லாமல், கண்ணும் மூக்கும் அரித்து, வாரக்கணக்கில் தினமும் அதே நேரத்துக்கு வந்தால் அது பெரும்பாலும் அலர்ஜி. காலையில் வருவதற்குக் காரணம் இரவெல்லாம் முகம் புதைந்து கிடந்த தலையணையாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிலந்தி அதில் குடியிருக்கிறது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதன் உணவு, அதன் எச்சம்தான் நமக்கு அலர்ஜி. ஈரக் காற்று அதற்கு மிகவும் பிடிக்கும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் கடல் என்று கிடக்கும் நம் பகுதியில் அதற்கு என்ன குறை?

உறையையும் போர்வையையும் வாரம் ஒரு முறை, கை பொறுக்காத அளவு, ஏறக்குறைய 60 டிகிரி சூடுள்ள வெந்நீரில் அலசுங்கள். பத்து வருடப் பழைய இலவம்பஞ்சுத் தலையணைக்கு விடை கொடுங்கள்.

மஞ்சள் மாத்திரை, வெள்ளை மாத்திரை, எல்லாம் அலர்ஜி மாத்திரைதானே? எதைக் கொடுத்தால் என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். முதல் வகை ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து. இது ஹிஸ்டமினை அழிப்பதில்லை. ஹிஸ்டமின் போய் உட்கார வேண்டிய இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் தும்மி முடித்த பின் சாப்பிடுவதைவிடக் களத்துக்குப் போகும் முன் சாப்பிடுவது நன்றாக வேலை செய்கிறது. இதில் பழைய தலைமுறை உண்டு: அவில், குளோர்பெனிரமின். புதிய தலைமுறையும் உண்டு: செட்ரிசின், லிவோசெட்ரிசின், லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின். பழையவை மூளைக்குள் எளிதில் புகுந்து தூங்கவைக்கும், சில மணி நேரமே நிற்கும். புதியவற்றில் தூக்கம் குறைவு, பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒன்று போதும். இந்த மருந்து வகைக்கு வழிதிறந்தவர்களில் ஒருவரான டேனியல் போவே 1957-ல் நோபல் பரிசு வாங்கினார்.

இரண்டாவது மாண்டெலுகாஸ்ட். இது ஹிஸ்டமினைத் தொடுவதே இல்லை, லூகோட்ரையீன் என்ற வேறொரு ரசாயனத்தைத் தடுக்கிறது. ஆஸ்துமாவுக்கு இதற்கு ஓர் இடம் உண்டு. ஆனால் நம் ஊரில் லிவோசெட்ரிசினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக வருவதால், சாதாரணத் தும்மலுக்கெல்லாம் இதை எழுதுவது பழக்கமாகிவிட்டது. கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை மனத்தைப் பாதிக்கலாம் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதன் அட்டையில் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. எல்லோருக்கும் அப்படி ஆகாது. இருந்தாலும் இதைச் சாப்பிடும் பிள்ளை திடீரென்று இரவில் அலறி எழுந்தாலோ குணம் மாறினாலோ மருத்துவரிடம் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்ல மறக்காதீர்கள்.

மூன்றாவது ஸ்டீராய்டு. அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது. நான்காவது அட்ரினலின். அது கதண்டுக் (பெரிய விஷக் குளவி) கேள்வியில் வரும்.

பெயரில்லாமல் தாளில் மடித்து நான்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒரே வேளையில் பறந்துவிட்டது. அதே மாத்திரை உங்களிடம் இருக்கிறதா?

ஒரே வேளையில் மூக்கும் தோலும் இளைப்பும் மூட்டுவலியும் சேர்ந்து பறந்து, பசியும் கூடினால், உள்ளே பிரட்னிசோலோனோ டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ இருந்திருக்கலாம். இவை ஸ்டீராய்டுகள். காவல் படையையே உட்காரவைத்துவிடும் வலுவான மருந்துகள். கடும் அலர்ஜிக்கு மருத்துவர் சில நாளுக்குக் கொடுப்பது நியாயமான வைத்தியம். மாதக்கணக்கில் தொடர்ந்தால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும். நீண்ட நாள் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டை அதற்குள் மறந்திருக்கும், ஆள் மயங்கி விழுந்துவிடுவார்.

ஆகவே அதே மாத்திரை என்னிடம் கிடைக்காது. பெயர் தெரியாத மாத்திரையைத் தந்தவரிடம் பெயரைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

மாத்திரை போட்டுக்கொண்டு டிராக்டர் ஓட்டலாமா?

அவில், குளோர்பெனிரமின் என்றால் வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று தோன்றினாலும் கை கால் தாமதமாகத்தான் வேலை செய்யும். மறுநாள் காலை வரை அந்த மந்தம் இருக்கலாம். செட்ரிசினிலும் சிலருக்குத் தூக்கம் வரும் என்பதால் முதல் மாத்திரையை இரவில் சாப்பிட்டுப் பாருங்கள். ஃபெக்ஸோஃபெனடினில் தூக்கம் மிகவும் குறைவு. ஆனால் அதைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும், ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றோடு சாப்பிட்டால் பாதிகூட உடம்பில் சேராது. மது அருந்தும் நாளில் எதுவும் வேண்டாம்.

வயதானவர்களுக்குப் பழைய வகை இன்னும் தொல்லை. புராஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்கு அவில் கொடுத்தால் இரவே சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். கண் அழுத்த நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

தினமும் சாப்பிட்டால் உடம்பு பழகிவிடாதா?

போதைப் பழக்கம் ஆகாது. புதிய வகைகளை மருத்துவர் சொன்னபடி மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் உண்டு. அபூர்வமாகச் சிலருக்குச் செட்ரிசினையோ லிவோசெட்ரிசினையோ நீண்ட நாள் தினமும் சாப்பிட்டு நிறுத்தியதும் உடம்பெல்லாம் கடுமையாக அரிக்கிறது. 2025 மே மாதம் அமெரிக்கத் துறை இதைப் பற்றியும் எச்சரித்தது. ‘நிறுத்தினால் அரிக்கிறது, எனவே நோய் போகவில்லை’ என்று முடிவு கட்டும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூக்கில் விடும் சொட்டு மருந்து ஒரு நிமிடத்தில் திறந்துவிடுகிறது. ஸ்ப்ரே ஒரு வாரமாகியும் வேலை செய்யவில்லை. சொட்டுதானே நல்ல மருந்து?

சொட்டில் இருக்கும் ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் போன்றவை மூக்கின் ரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்குகின்றன, அதனால் உடனே மூக்கு திறக்கிறது. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள்தான் அதற்குக் கணக்கு. அதற்கு மேல் போனால் மருந்து இறங்கியதும் குழாய்கள் முன்பைவிடப் பெரிதாக வீங்கும், மறுபடி சொட்டு தேவைப்படும். மருந்துக்கடைக்காரனான நானே இரண்டு வருடம் சட்டைப்பையில் அந்தக் குப்பியோடு அலைந்தேன். விடுவதற்கு மூன்று வாரம் வாயால் மூச்சு விட்டேன்.

ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் ஸ்ப்ரேக்கள் வீக்கத்தை அடக்குபவை. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், தினமும் அடிக்க வேண்டும். இவையும் ஸ்டீராய்டுதான், ஆனால் அளவு மைக்ரோகிராமில், மூக்கோடு நிற்பது. மாத்திரைக்குச் சொன்ன பயத்தை இங்கே இழுத்து வர வேண்டாம். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், குப்பியின் முனை மூக்கின் நடுத் தண்டை நோக்காமல் கண் ஓரத்தை நோக்கி இருக்கும்படி அடியுங்கள். அடித்ததும் ‘சர்’ரென்று உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

களத்தில் தூசி விழுந்து கண் சிவந்துவிட்டது. போன வருடம் அலர்ஜிக்கு வாங்கிய சொட்டு மிச்சம் இருக்கிறது, விடலாமா?

கூடாது. திறந்து ஒரு மாதமான கண் மருந்து எதுவானாலும் குப்பைக்குத்தான். அது ஸ்டீராய்டு சொட்டாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. நெல் சுணையோ உமியோ கீறிய கருவிழியில் பூஞ்சை பிடிக்கும். ஸ்டீராய்டு பட்டால் அது காட்டுத் தீயாகப் பரவிப் பார்வையைக் கொண்டுபோய்விடும். இரண்டு கண்ணும் அரித்தால் அலர்ஜியாக இருக்கலாம். ஒரு கண் மட்டும் வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.

உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்திருக்கிறது. காணாக்கடி என்று மந்திரித்தோம். மறுநாள் மறைந்துவிட்டது. அப்படியானால் மந்திரம் பலித்தது என்றுதானே அர்த்தம்?

காணாக்கடி என்பது நல்ல பெயர், கடித்தது எதுவென்று காணவில்லை என்கிறது. பெரும்பாலும் எதுவும் கடித்திருக்காது. ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் தானே மறைவதுதான் இந்த நோயின் குணம், மந்திரித்தாலும் மந்திரிக்காவிட்டாலும். மந்திரிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. உதடும் நாக்கும் வீங்கும்போது வேப்பிலையைத் தேடிப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஆறு வாரத்துக்கு மேல் அடிக்கடி வந்தால் அது நாள்பட்ட வகை. அதற்கு வெளிக் காரணம் பெரும்பாலும் கிடைக்காது. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பரிசோதனைப் பட்டியல் எடுப்பதைவிட, தூக்கம் தராத ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையைத் தினமும் ஒழுங்காகச் சாப்பிடுவதுதான் வைத்தியம். போதாவிட்டால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

கத்தரிக்காய், கருவாடு, இறால் எல்லாம் கரப்பான் பண்டம், நிறுத்து என்கிறார்கள். நிறுத்தத்தான் வேண்டுமா?

சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு முறையும் தடிப்போ அரிப்போ வந்தால் அந்தப் பண்டத்தை நிறுத்துங்கள். பட்டியல் முழுவதையும் நிறுத்தினால் சோறும் ரசமும்தான் மிஞ்சும். கத்தரிக்காய்க்கு நம் ஊரில் கிடைத்திருக்கும் கெட்ட பெயர் அளவுக்கு அது குற்றவாளி இல்லை. இறாலும் நண்டும் உண்மையான குற்றவாளிகள். அவற்றில் உள்ள டிரோபோமயோசின் என்ற புரதம் எவ்வளவு கொதித்தாலும் அழியாது. அதே வகைப் புரதம் தூசிச் சிலந்தியிடமும் இருப்பதால் தலையணைத் தும்மல்காரர்கள் சிலருக்கு இறாலும் ஒத்துக்கொள்வதில்லை. இறால் ஆகாதவருக்கு நண்டும் பெரும்பாலும் ஆகாது. மீன் வேறு சாதி, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நாகப்பட்டினம் பக்கத்து உறவினர் வீட்டில் சூரை மீன் குழம்பு சாப்பிட்டு ஆறு பேருக்கும் முகம் சிவந்து தலை இடித்தது என்று ஒருவர் வந்தார். ஆறு பேருக்கும் ஒரே நாளில் அலர்ஜி வராது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையிலேயே ஹிஸ்டமின் உருவாகிவிடும், கொதித்தாலும் போகாது. மீன் மீது குற்றம் இல்லை, ஐஸ் போடாதவர் மீதுதான்.

கவரிங் சங்கிலி போட்ட இடத்தில் அரிக்கிறது. செட்ரிசின் சாப்பிட்டும் அடங்கவில்லையே?

அடங்காது. இது ஹிஸ்டமின் வேலை இல்லை. கவரிங்கில் உள்ள நிக்கல் பட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து வரும் வேறு வகை அலர்ஜி. தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனமும் அப்படித்தான், கல்யாணத்துக்கு முதல் நாள் சாயம் போட்டுத் தாலி கட்டும் நேரத்தில் முகம் வீங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பொருளை விலக்குவதுதான் மருந்து.

படைக்கு ஒரு க்ரீம் போட்டேன். அரிப்பு நின்றது, ஆனால் வட்டம் பெரிதாகிவிட்டது. ஏன்?

படை என்பது பூஞ்சை, அலர்ஜி இல்லை. நீங்கள் போட்டதில் கிளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டும் கலந்திருந்திருக்கும். காவல்காரன் உட்கார்ந்ததும் பூஞ்சை சந்தோஷமாகப் பரவியிருக்கிறது. தோல் மருத்துவரிடம் அந்தக் குழாயையே எடுத்துச் செல்லுங்கள்.

ரத்தத்தில் ஈஸ்னோபில் அதிகம் என்று வந்திருக்கிறது. அலர்ஜி உறுதிதானே?

நம் பகுதியில் அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட முடியாது. ஈஸ்னோபில் என்ற வெள்ளை அணுவும் ஐஜிஇயும் அலர்ஜியில் ஏறும், குடற்புழுவிலும் ஏறும். செருப்பில்லாமல் சேற்றில் இறங்குபவரின் கால் வழியாகக் கொக்கிப்புழு ஏறுவது புதிதல்ல.

இன்னொன்று யானைக்கால் கிருமி. கும்பகோணம் என்றாலே வெளியூர்க்காரர்கள் யானைக்காலைச் சொல்லிக் கேலி செய்த காலம் உண்டு. இப்போது அது வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்தக் கிருமி சிலருக்குக் காலைத் தொடாமல் நுரையீரலில் தொல்லை தரும். இரவில் விடாத இருமல், இளைப்பு, ஈஸ்னோபில் 3000-க்கு மேல். பார்த்தால் அப்படியே ஆஸ்துமா. அதற்கு மருந்து செட்ரிசின் இல்லை, டைஎத்தில்கார்பமசின். மருத்துவர் சொன்னபடி ஏறக்குறைய மூன்று வாரம் சாப்பிட வேண்டும்.

இரண்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர் மாத்திரையில் கால் பங்கு உடைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. குழந்தைக்கு எடையும் வயதும் பார்த்து, மருத்துவர் எழுதிய சிரப்பை மருந்தோடு வரும் அளவுக் குப்பியில் அளந்துதான் கொடுக்க வேண்டும். சமையலறைக் கரண்டி ஆகாது. குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. கர்ப்பிணிகளும் கேட்டே சாப்பிட வேண்டும். ஆனால் ஆஸ்துமா இன்ஹேலரைப் பயந்து தாங்களாக நிறுத்துவது வயிற்றில் உள்ள குழந்தைக்கும் கெடுதல்.

கதண்டு கொட்டிவிட்டது. அவில் ஊசி போட்டால் போதும்தானே?

கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் ஐஸ் ஒத்தடமும் மாத்திரையும் போதும். உடம்பெல்லாம் தடிப்பு, குரல் கம்முதல், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது வந்தால் அவில் போதாது. அவில் அரிப்பைத்தான் குறைக்கும். விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கவும் அடைத்த தொண்டையைத் திறக்கவும் அட்ரினலின் ஒன்றுதான் முதல் மருந்து. பெரியவருக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும். 108-ஐ அழையுங்கள். கால்களைச் சற்று உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம், எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். சரியான பிறகும் சில மணி நேரம் இருக்கச் சொல்வார்கள், இரண்டாவது அலை வரலாம் என்பதால். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர் அதைச் சொல்லிவிட வேண்டும்.

கதண்டு பத்திருபது கொட்டியிருந்தால் அலர்ஜி இல்லாதவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷத்தின் அளவே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

வயலில் மருந்து அடித்துவிட்டு வந்தார். கண், மூக்கு, வாய் எல்லாம் தண்ணீராகக் கொட்டுகிறது. அலர்ஜி மாத்திரை கொடுங்கள், தம்பி.

இதைக் கேட்டால் நான் மாத்திரையைத் தொடமாட்டேன். வியர்வை கொட்டி, எச்சில் ஊறி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் அது பூச்சிமருந்து விஷம். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மருந்து டப்பாவோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கழுவுபவர் கையுறை அணிந்துகொள்ள வேண்டும்.

பாம்புக்கடி ஊசி சிலருக்கு அலர்ஜியாகி உயிரே போய்விடுமாம். அலர்ஜி உடம்புக்காரர் போட்டுக்கொள்ளலாமா?

போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்துக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது இந்த மருந்து. குதிரைப் புரதம் என்பதால் அலர்ஜி வரலாம் என்பது உண்மை. வந்தால் கதண்டுக் கேள்வியில் சொன்ன அட்ரினலின் பக்கத்திலேயே இருக்கும். விஷத்துக்கு இதைத் தவிர வேறு மாற்று கிடையாது. தோலில் சிறிது போட்டுச் சோதிப்பதால் யாருக்கு வரும் என்று தெரிவதில்லை, அதற்காக நேரத்தைக் கடத்தக் கூடாது.

வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் பாம்பு விஷம் திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அதுவும் குதிரைப் புரதத்துக்கு உடம்பு காட்டும் தாமதமான எதிர்ப்புதான், மருந்தில் சரியாகும். வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே இதே குதிரை மருந்து நோயைக் குழந்தைகளிடம் பார்த்து ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான், 1906-ல், ‘அலர்ஜி’ என்ற சொல்லையே உண்டாக்கினார்.